பழைய பிக்கப் வண்டிகளில் கார்புரேட்டர் மாற்றுதல்: ஒரு வரலாறு

கார்புரேட்டர் என்பது பெட்ரோல் எஞ்சினுக்குள் செல்லும் காற்றில் பெட்ரோலைத் தக்க அளவில் கலந்து அனுப்பும் உறுப்பு ஆகும். தமிழில் இதைக் கலப்பி என்றும் சொல்லலாம். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் உலகின் பெரும்பாலான பெட்ரோல் வண்டிகள் இதை நம்பியே ஓடின. இந்தியாவில் கார்களில் 2000ஆம் ஆண்டையொட்டியும், இரு சக்கர வண்டிகளில் 2020இலும் புதிய வண்டிகளிலிருந்து இது பெரும்பாலும் விலக்கப்பட்டது. இன்று பெரும்பாலும் பழைய ஜீப், பிக்கப், கார், மோட்டார் சைக்கிள் ஆகியவற்றில் எஞ்சியுள்ளது.

ஜீப் இனத்தைச் சேர்ந்த பிக்கப் வண்டிகளின் கார்புரேட்டர் எவ்வாறு பழுதுபார்க்கப்பட்டது, மாற்றப்பட்டது, இறுதியில் ஏன் கைவிடப்பட்டது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஒரு திருகாணியைத் திருப்பி எவரும் சரிசெய்துகொள்ளலாம் என்பது கார்புரேட்டரின் பெரும் வசதியாக இருந்தது. அந்த வசதியே பின்னர் அதைச் சட்டம் விலக்குவதற்கும் ஒரு காரணமாயிற்று.

வேலை செய்யும் விதம்

முன்பு வீடுகளில் கொசு மருந்து அடிக்கும் கைப் பம்பு இருந்தது. குழாயின் வாயருகே காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறையும். டப்பாவில் உள்ள மருந்து குழாய் வழியே மேலேறித் துளித்துளியாகச் சிதறும். கார்புரேட்டரின் அடிப்படையும் இதுவே. நடுவில் ஒடுங்கிய ஒரு குழாய் வழியே எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறது. ஒடுக்கத்தில் காற்றின் வேகம் கூடி அழுத்தம் குறைகிறது. அங்கே திறக்கும் சிறு துளை வழியே பெட்ரோல் உறிஞ்சப்பட்டுக் காற்றில் கலக்கிறது. வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பை டேனியல் பெர்னூலி 1738இல் வெளியிட்டார். ஒடுங்கிய குழாய்க்கு இத்தாலிய இயற்பியலாளர் ஜியோவன்னி பட்டிஸ்டா வெஞ்சுரியின் பெயரால் வெஞ்சுரி என்று பெயர்.

பெட்ரோல் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்பதற்காக மிதவை அறை ஒன்று உண்டு. மாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதவை மேலேறியதும் வால்வு மூடிக்கொள்வதைப் போல, இங்கே ஃப்ளோட் மேலேறியதும் நீடில் வால்வு பெட்ரோல் வரத்தை அடைக்கும்.

எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் கூடினால் கரும்புகையும் கார்பன் மோனாக்சைடும் வெளிவரும். குறைந்தால் எஞ்சின் சூடேறி இழுவை இழக்கும். இந்த விகிதத்தைத் தீர்மானிப்பது ஜெட் எனப்படும் துளையிட்ட பித்தளைத் துண்டு. சோலெக்ஸ் வகையில் ஜெட்டின் மீதுள்ள எண் துளையின் விட்டத்தைக் குறிக்கும். 120 என்றால் 1.20 மில்லிமீட்டர். துளை 1.25 மில்லிமீட்டர் ஆனால் அதன் பரப்பு எட்டரை விழுக்காடு கூடிவிடும். அடைப்பெடுக்க ஜெட்டுக்குள் கம்பியை விட்டுக் குடையக் கூடாது என்று மூத்த மெக்கானிக்குகள் கண்டிப்பாகச் சொன்னதன் காரணம் இந்தக் கணக்கில் உள்ளது.

தோற்றம்

கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில், பெட்ரோலின் மேற்பரப்பிலிருந்து எழும் ஆவியைக் காற்றோடு சேர்க்கும் எளிய அமைப்பு இருந்தது. பெட்ரோலைத் தெளிக்கும் வகையை 1893இல் ஹங்கேரியின் டோனாட் பாங்கி, யானோஷ் சோன்கா ஆகியோரும், சில மாதங்கள் கழித்து ஜெர்மனியின் வில்ஹெல்ம் மேபாக்கும் உருவாக்கினர். பூக்காரப் பெண் ஒருத்தி குழாயை ஊதிப் பூக்களுக்கு நீர் தெளித்ததைப் பார்த்து ஹங்கேரியர்களுக்கு இந்த எண்ணம் தோன்றியதாகக் கதை ஒன்று சொல்லப்படுவதுண்டு.

பிறகு இங்கிலாந்தின் எஸ்.யு., பிரான்சின் சோலெக்ஸ், செனித், அமெரிக்காவின் கார்ட்டர் முதலிய நிறுவனங்கள் இத்துறையில் வளர்ந்தன. இந்தியச் சாலைகளில் ஓடிய பழைய வண்டிகளில் பெரும்பாலும் இப்பெயர்களே காணப்படும்.

போர்க்காலத்தில் கரிவாயு

தமிழ்நாட்டில் கார்புரேட்டருக்கு மாற்று தேட வேண்டிய தேவை முதன்முதலில் பெரிய அளவில் எழுந்தது இரண்டாம் உலகப் போரின்போது. பெட்ரோல் பங்கீட்டுக்கு வந்ததால் பேருந்துகளும் சரக்கு வண்டிகளும் முடங்கும் நிலை ஏற்பட்டது. அப்போது மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.வி.எஸ். நிறுவனம் கரியைக் கொண்டு வாயு உண்டாக்கும் கலத்தை வடிவமைத்து உற்பத்தி செய்தது. அது டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் எனப்பட்டது.

வண்டியின் பின்புறம் பொருத்திய உருளையில் அடுப்புக்கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு மிகுந்த வாயு உண்டாகும். அதைக் குளிர்வித்து வடிகட்டி, காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்புவர். எஞ்சினின் திறன் வெகுவாகக் குறையும். புறப்படுவதற்கு வெகுநேரம் முன்பே கரியை மூட்டி, ஊதுகுழலின் கைப்பிடியைச் சுற்ற வேண்டியிருந்தது. இருந்தாலும் போக்குவரத்து நிற்கவில்லை. எஞ்சினை மாற்றாமலே எரிபொருளை மட்டும் மாற்ற முடியும் என்பதை அன்றைய மெக்கானிக்குகள் இதன்மூலம் கற்றனர். போர் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைத்ததும் கரிக்கலங்கள் கழற்றப்பட்டு, கார்புரேட்டர் தன் இடத்துக்குத் திரும்பியது.

ஜீப்பும் பிக்கப்பும்

போருக்காக 1941 முதல் பெருமளவில் உற்பத்தியான வில்லிஸ் ஜீப், போருக்குப் பின் உழவர்களுக்கும் தோட்ட உரிமையாளர்களுக்கும் உரிய வண்டியானது. 1945இல் தொடங்கப்பட்டு 1948இல் இன்றைய பெயரைப் பெற்ற மஹிந்திரா அண்டு மஹிந்திரா நிறுவனம், பம்பாயில் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. பின்னர் அவற்றை இந்தியாவிலேயே தயாரித்தது. சி.ஜே.3பி எனப்படும் உயர்ந்த முன்மூடி கொண்ட ஜீப் பல்லாண்டுகள் இங்கே உற்பத்தியானது. ஓட்டுநர் இருக்கை எஞ்சினுக்கு மேலே அமைந்த எஃப்.சி. வகைச் சரக்கு ஜீப்புகள் 1960களில் வந்தன. நம் ஊர்களில் பிக்கப் என்று அழைக்கப்பட்ட பழைய பெட்ரோல் வண்டிகளில் பல இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

சி.ஜே.3பி ஜீப்பில் இருந்தது ஹரிக்கேன் எனப்படும் நான்கு சிலிண்டர் எஞ்சின். கொள்ளளவு ஏறத்தாழ 2.2 லிட்டர். அமெரிக்காவில் இதற்குக் கார்ட்டர் ஒய்.எஃப். கார்புரேட்டர் பொருத்தப்பட்டது. அதில் ஜெட்டுக்குள் ஏறி இறங்கும் அளவுக்கம்பி ஒன்று உண்டு. இந்திய ஜீப்புகளில் சோலெக்ஸ் வகை பரவியது. துளையளவு குறித்த ஜெட்டுகளைக் கொண்ட அதைப் புரிந்துகொள்வதும் கழற்றிப் பூட்டுவதும் எளிது. இந்த எஞ்சின்களில் கார்ட்டரைக் கழற்றிவிட்டுச் சோலெக்ஸ் பொருத்தும் வழக்கம், பழைய ஜீப் வைத்திருக்கும் அமெரிக்கர்களிடமும் உள்ளது.

உதிரிப் பாகம் கிடைக்காத காலம்

1953இல் மத்திய அரசு, உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டம் உள்ள நிறுவனங்களே தொடரலாம் என்று முடிவெடுத்தது. வெளிநாட்டுப் பாகங்களைப் பூட்டி விற்றுவந்த ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் வெளியேறின. அவற்றின் வண்டிகளோ சாலையில் தொடர்ந்து ஓடின. 1950களின் பிற்பகுதியில் அந்நியச் செலாவணி நெருக்கடியும் சேர்ந்துகொண்டதால் இறக்குமதிப் பாகங்கள் அரிதாயின.

புதியது கிடைக்காத நிலையில், மாற்றுவது என்ற சொல்லுக்கே பொருள் மாறிற்று. ஒரு வண்டியின் கார்புரேட்டர் தேய்ந்தால் மெக்கானிக்கின் முன் மூன்று வழிகள் இருந்தன. முதல் வழி, சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் அதே வகையைத் தேடுவது. இரண்டாவது, வேறு வண்டியின் கார்புரேட்டரை இடைத்தட்டு ஒன்று செய்து பொருத்துவது. மூன்றாவது, இருப்பதையே புதுப்பிப்பது.

புதுப்பித்தலில் முக்கியமானது திராட்டில் தண்டின் தேய்மானம். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது சுழலும் இத்தண்டு, ஆண்டுக்கணக்கில் ஓடியபின் தன் துளையைத் தேய்த்து அகலமாக்கும். அந்த இடுக்கு வழியே கணக்கில் வராத காற்று நுழையும். அப்போது எந்தத் திருகாணியைத் திருப்பினாலும் ஐட்லிங் நிற்காது. துளையைச் சற்றே பெரிதாகக் கடைந்து பித்தளை புஷ் அடித்தால் பழையபடி வேலை செய்யும். இதற்கு நல்ல லேத்தும் கைத்திறனும் வேண்டும்.

சென்னையின் மேற்குப் புறநகர் இவ்விரண்டிலும் வளம் பெற்றது. அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. பாடியில் 1961இல் லூகாஸ்-டி.வி.எஸ். வந்தது. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965இல் முதல் விஜயந்தா டாங்கி உருவானது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் அமைந்தது. பெரிய ஆலைகளைச் சுற்றிச் சிறு லேத் பட்டறைகள் பெருகின. ஆவடிக்கு வடக்கே உள்ள வெள்ளானூர் போன்ற ஊர்களிலிருந்தும் இவ்வாலைகளுக்கும் பட்டறைகளுக்கும் ஆட்கள் வேலைக்குச் சென்றனர். பிக்கப்பின் கார்புரேட்டருக்குப் புஷ் கடைந்து தரக்கூடிய கை இந்த வட்டாரத்தில் எளிதில் கிடைத்ததற்கு இதுவே பின்னணி.

மாற்றும் முறை

ஜீப் வகை எஞ்சினில் ஒற்றைக் கார்புரேட்டரை மாற்றும் வரிசை நீண்ட காலம் மாறாமல் இருந்தது.

1. எஞ்சின் ஆறிய பிறகு பேட்டரி இணைப்பைக் கழற்றுதல்.
2. ஏர் கிளீனர் குழாய், ஆக்சிலேட்டர் கம்பி, சோக் கேபிள், பெட்ரோல் குழாய் ஆகியவற்றைப் பிரித்தல்.
3. அடித்தளத்தின் நட்டுகளைக் கழற்றிக் கார்புரேட்டரை நேராகத் தூக்குதல். மேனிஃபோல்டின் வாயில் சுத்தமான துணியை அடைத்தல். உள்ளே ஒரு வாஷர் விழுந்தாலும் எஞ்சினைப் பிரிக்க நேரும்.
4. பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்துப் புதியதை வைத்தல். வெப்பம் ஏறாமல் தடுக்கும் தடித்த இடைத்தட்டு இருந்தால் அதைத் தவறாமல் மீண்டும் பொருத்துதல்.
5. மிதவையின் மட்டத்தைச் சரிபார்த்தபின் கார்புரேட்டரை அமர்த்தி, நட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குதல். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் அடித்தளம் கோணிக் காற்று கசியும்.
6. பெட்ரோல் பம்பின் கைநெம்பை அசைத்து மிதவை அறையை நிரப்பி, கசிவு இல்லை என்று உறுதி செய்தபின் எஞ்சினை இயக்குதல்.
7. எஞ்சின் சூடானபின் ஸ்லோ ஸ்பீடு திருகாணியையும் மிக்சர் திருகாணியையும் மாறிமாறித் திருப்பிச் சீராக ஓடும் இடத்தில் நிறுத்துதல்.

கடைசிப் படிதான் தொழிலின் நுட்பம். புகைமானி இல்லாத காலத்தில் மெக்கானிக் எஞ்சினின் ஒலியைக் கேட்டும், புகைக்குழாயின் முனையில் படியும் கரியின் நிறத்தைப் பார்த்தும், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தும் முடிவெடுத்தார். கலவையில் பெட்ரோல் கூடினால் பிளக் கறுக்கும்; குறைந்தால் வெளுக்கும்; சரியாக இருந்தால் வெளிர் பழுப்பாக இருக்கும்.

ஊருக்கேற்பவும் சிக்கல்கள் மாறின. சித்திரை வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றுவிடும். பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போட்டுச் சற்று நேரம் காத்திருப்பது வழக்கம். உதகமண்டலம் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. சமவெளியில் சரிசெய்த வண்டி அங்கே ஏறும்போது காற்றின் அடர்த்தி குறைவதால் கலவையில் பெட்ரோல் கூடிப் புகை கக்கும். கார்புரேட்டர் தானாக இதை உணராது. ஒரு மனிதர் திருத்தியாக வேண்டும்.

டீசலுக்கு மாறுதல்

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் பெட்ரோல் விலை ஏறியது. டீசல் விலை குறைவாக இருந்ததால் பழைய ஜீப், பிக்கப் வைத்திருந்தோர் பலர் கார்புரேட்டரை மாற்றுவதற்குப் பதிலாக எஞ்சினையே மாற்றி டீசல் எஞ்சின் பொருத்தினர். மஹிந்திரா நிறுவனமும் டீசல் எஞ்சின்களுக்குத் திரும்பியது. 1980களில் பூஷோ வடிவமைப்பிலான 2.1 லிட்டர் டீசல் எஞ்சின் அதன் ஜீப்புகளில் பரவலாயிற்று. சரக்கு வண்டிகளின் உலகில் கார்புரேட்டர் முதலில் தோற்றது விலையிடம்தான். புகை விதிகள் அதன்பிறகே வந்தன.

சென்னையில் கார்புரேட்டர் தொழில்

சரக்கு வண்டிகளில் குறைந்துகொண்டிருந்த அதே காலத்தில் கார்களில் கார்புரேட்டருக்குப் புதிய சந்தை பிறந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 விற்பனைக்கு வந்தது. சென்னையின் கார்புரேட்டர்ஸ் லிமிடெட் நிறுவனமும் ஜப்பானின் மிகுனி நிறுவனமும் இணைந்து 1985இல் யூகால் ஃப்யூயல் சிஸ்டம்ஸ் என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. மறைமலைநகரில் ஆலை அமைந்தது. மாருதி வண்டிகளுக்கான கார்புரேட்டர்கள் இங்கிருந்து சென்றன.

இந்நிறுவனம் பின்னர் எரிபொருள் பீய்ச்சும் முறைக்கான பாகங்களுக்கும் மாறிக்கொண்டது. தெருவோரப் பட்டறைகளுக்கு அத்தகைய மாற்றம் எளிதாக இருக்கவில்லை.

புகை விதிகளும் விலக்கமும்

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் கீழ் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, பெட்ரோல் கார்களின் ஐட்லிங் புகையில் கார்பன் மோனாக்சைடு 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்தன. மிக்சர் திருகாணியைக் கவனமாகத் திருப்பினால் கார்புரேட்டர் வண்டியும் இந்த அளவை எட்டிவிடும். சான்றிதழ் வாங்கும் நாளில் திருகாணியை உள்ளே திருப்பி, மறுநாள் இழுவைக்காக வெளியே திருப்புவதும் எளிதாக இருந்தது. சோதனையன்று சுத்தமாக இருந்த புகை, சாலையில் அப்படியே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

1995 ஏப்ரல் 1 முதல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமாயிற்று. அதற்காக ஈயமற்ற பெட்ரோலும் வந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் மட்டுமே விற்கப்பட்டது. புகைப் போராட்டத்தின் மிகப் பெரிய பயன்களில் இது ஒன்று.

வினையூக்கி மாற்றி நன்கு வேலை செய்யக் கலவை எப்போதும் 14.7 என்ற விகிதத்தை ஒட்டியே இருக்க வேண்டும். வெயில், மலை, தேய்மானம் எதுவானாலும் நொடிக்கு நொடி திருத்த வேண்டும். புகைக்குழாயில் ஆக்சிஜன் உணரியும், அதன் செய்தியைக் கேட்டுப் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் மின்னணுக் கருவியும் இதைச் செய்கின்றன. காதால் கேட்டுத் திருப்பும் திருகாணியால் இது இயலாது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1999 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, தலைநகர்ப் பகுதியில் யூரோ விதிகளை விரைவுபடுத்தியது. சென்னையில் 2001 ஜூலை 1 முதல் பாரத் ஸ்டேஜ் 2 விதி நடப்புக்கு வந்தது. அதன்பின் புதிய கார்களில் கார்புரேட்டருக்கு இடமில்லாமல் போயிற்று. பாரத் ஸ்டேஜ் 2 கார்களுக்கு ஐட்லிங் கார்பன் மோனாக்சைடு வரம்பு 0.5 விழுக்காடு, பழைய கார்களுக்குரிய வரம்பில் இது ஆறில் ஒரு பங்கு. 2020 ஏப்ரல் 1 அன்று பாரத் ஸ்டேஜ் 6 வந்ததும் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் பீய்ச்சும் முறைக்கு மாறின.

இன்றைய நிலை

பழைய கார்புரேட்டர் வண்டிகள் இன்று புதிய சிக்கல் ஒன்றைச் சந்திக்கின்றன. 2023 பிப்ரவரியில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2025இல் அது பரவலாகிவிட்டது. எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால் அது எரியக் குறைந்த காற்றே போதும். 1 பங்குக்கு ஏறத்தாழ 9 பங்கு. எனவே 20 விழுக்காட்டுக் கலவைக்குத் தேவையான விகிதம் 13.5 அளவுக்கு இறங்குகிறது. கணினி உள்ள வண்டி இதை உணர்ந்து பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டரின் ஜெட் துளையோ மாறாது. கணக்குப்படி 120 எண் ஜெட்டுக்குப் பதில் ஏறக்குறைய 125 எண் ஜெட் தேவைப்படும். இதைத் தவிர, எத்தனால் பழைய ரப்பர் டயஃப்ரம்களையும் வாஷர்களையும் கெடுக்கும். ஈரத்தை இழுத்துக்கொள்வதால், வண்டி நெடுநாள் ஓடாமல் நின்றால் மிதவை அறையில் அரிப்பு ஏற்படும்.

ஆகவே இன்று கார்புரேட்டரை மாற்றுவோர் எத்தனாலைத் தாங்கும் ரப்பர் பாகங்களையும் பெட்ரோல் குழாய்களையும் கேட்டு வாங்குவது நல்லது. பல நாள் நிறுத்தப்படும் வண்டியில் மிதவை அறையை வடித்துவிட வேண்டும். ஜெட்டை மாற்றும்போது பிளக்கின் நிறத்தோடு புகைச் சோதனை அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தனியார் வண்டிகளின் பதிவு 15 ஆண்டுகளுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். அதற்குத் தகுதிச் சோதனையில் தேற வேண்டும். சரியாகப் புதுப்பித்த கார்புரேட்டர் உள்ள வண்டி, தனக்குரிய 3 விழுக்காட்டு வரம்புக்குள் வரக்கூடியது. அதைச் செய்யத் தெரிந்தவர்கள்தாம் குறைந்துவருகின்றனர். பீய்ச்சும் முறை வண்டிக்குப் பழுதறியும் கருவியும் பயிற்சியும் தேவைப்படுவதால், கார்புரேட்டரை மட்டும் கற்ற மூத்த மெக்கானிக்குகள் பலர் தொழிலைச் சுருக்கிக்கொண்டனர். ஈயமும் கரும்புகையும் குறைந்ததால் ஊர் நன்மை பெற்றது; அந்த மாற்றத்தின் விலையில் ஒரு பகுதியைக் கொடுத்தவர்கள் இவர்கள். ஜெட் எண், மிதவை மட்டம், புஷ் அளவு போன்ற செய்திகளில் பல எந்த நூலிலும் இல்லாமல் அவர்கள் நினைவில் மட்டுமே உள்ளன. தொழிற்பயிற்சி மாணவர்கள் அவற்றைக் கேட்டு எழுதி வைத்தால், அது தமிழ்நாட்டுத் தொழில் வரலாற்றுக்கு நல்ல சான்றாக அமையும்.